மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும்

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் காலை ஆறரை மணிக்கு அப்பா பல் துலக்கிவிட்டு ஈஸிசேரில் வந்து உட்காருவார். அம்மா ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பால் டம்ளருமாக வருவார். டம்ளர் நிறையப் பால், அதில் இரண்டு கரண்டி புரோட்டீன் பவுடர். அப்பாவுக்கு நடுக்குவாதம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. 62 கிலோ இருந்தவர் 54-க்கு இறங்கியிருந்தார். "உடம்புல தெம்பு இருந்தாத்தானேங்க மாத்திரை வேலை செய்யும், மிச்சம் வைக்காம குடிங்க" என்று அம்மா பக்கத்திலேயே நிற்பார். அப்பா நடுங்கும் கையோடு டம்ளரைப் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவார்.

அதற்குப் பிறகு ஒன்பது மணி வரை அவரால் நாற்காலியை விட்டு எழ முடியாது. எழுந்தாலும் வாசற்படியில் நின்றுவிடுவார். "காலு தரையோட ஒட்டிக்கிச்சும்மா" என்பார். நோய் முற்றுகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மருத்துவரிடம் போனோம், மாத்திரையின் அளவு கூடியது. காலையில் அதே கதை தொடர்ந்தது. பிற்பகலில் மட்டும் உடம்பு அவரை மீறித் துள்ள ஆரம்பித்தது.

ஒருநாள் பால்காரர் வரவில்லை. அம்மா வெந்நீரில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஏழேகாலுக்கு அப்பா தானே எழுந்து போய், கேட்டில் செருகியிருந்த பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். நான் உணவியல் படித்தவள். எத்தனையோ குடும்பங்களுக்கு உணவு அட்டவணை போட்டுக் கொடுத்தவள். அந்தப் பால் டம்ளர் ஆறு மாதம் என் கண்ணெதிரே போய்வந்துகொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த அத்தியாயத்தை நான் எழுதுவது அதனால்தான்.

இரண்டு வாசல்

நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் முதன்மையான மருந்து லெவோடோபா. நம் ஊர் மருந்துக் கடைகளில் சின்டோபா, டிடோமெட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. அட்டையில் 110 என்றிருந்தால் 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும் இருக்கின்றன என்று பொருள். 125 என்றால் 100-ம் 25-ம். கார்பிடோபா துணை மருந்து. உடம்பின் அசைவுக்கு மூளையில் தேவைப்படும் பொருள் டோபமைன்; லெவோடோபா மூளைக்குப் போய்ச் சேரும் முன் வழியிலேயே டோபமைனாக மாறி வீணாகாமல் கார்பிடோபா காக்கிறது; குமட்டலையும் குறைக்கிறது.

லெவோடோபா ஒரு அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, மீன், கறி எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் வயிற்றில் உடைந்தால் கிடைப்பதும் அமினோ அமிலங்களே. அவற்றில் லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபன் ஆகியவை லெவோடோபாவுக்குப் பங்காளிகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாசல். அந்த வாசல் உடம்பில் இரண்டு இடங்களில் இருக்கிறது: சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஒன்று, ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. ஒரு டம்ளர் பாலும் இரண்டு கரண்டி பவுடரும் உள்ளே போனால் அந்த வாசலில் திருவிழாக் கூட்டம். 100 மில்லிகிராம் மருந்து அதில் இடித்துப் பிடித்துத்தான் நுழைய வேண்டும்.

இரண்டாவது வாசலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1984-ல் ஜான் நட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒன்பது நோயாளிகளிடம் செய்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தபோது ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு 29 சதவீதம் குறைந்தது. மருந்து ஏறுவதும் 34 நிமிடம் தாமதமானது. பிறகு குடலே வேண்டாம் என்று மருந்தை நேராக ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நோயாளிகள் மணிக்கணக்கில் நன்றாக நடமாடினார்கள். அந்த நிலையில் புரதம் மிகுந்த சாப்பாட்டைக் கொடுத்ததும் மருந்தின் பலன் போய்விட்டது. ரத்தத்தைப் பரிசோதித்தால் மருந்து கொஞ்சமும் குறையவில்லை. ரத்தத்தில் மருந்து இருக்கிறது, மூளைக்குள்தான் போக முடியவில்லை.

"மாத்திரை போட்டாச்சு, ஆனா போடாத மாதிரியே இருக்கு" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், அவர்கள் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். அந்தச் சொல் அப்படியே உண்மையாக இருக்கக்கூடும்.

அரைமணி முன்னால்

நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. மாத்திரை என்றாலே சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புண்ணாகிவிடும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வளர்ந்திருக்கிறோம். மருந்துக் கடையில் கவரின் மேல் பேனாவால் போடும் குறியும் பெரும்பாலும் அதுதான். வலி மாத்திரைக்கு அது சரி. லெவோடோபாவுக்குப் பொருந்தாது.

சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாகவோ, சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். மருந்து வயிற்றில் உறிஞ்சப்படுவதில்லை, சிறுகுடலுக்குப் போனால்தான் பலன். நடுக்குவாதக்காரர்களுக்கு வயிறு ஏற்கெனவே மெதுவாகக் காலியாகும். பூரி, வடை, நெய் மிதக்கும் பொங்கல் என்று எண்ணெயும் கொழுப்புமாக இருந்தால் இன்னும் மெதுவாகும். மாத்திரை அந்தக் குவியலுக்குள் மாட்டிக்கொண்டு காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் அதில் ஒரு பகுதி வயிற்றுச் சுவரிலேயே சிதைந்தும் போகும். தண்ணீர் அதைக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்கு மருந்து தாமதமாகவே வேலை செய்யும்.

விதிவிலக்குகள் உண்டு. மெதுவாகக் கரையும் சி.ஆர். வகை மாத்திரை சாப்பாட்டோடு போட்டால் அதிகமாகவே உறிஞ்சப்படும். அதை எப்போது போடுவது என்று மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள், ஆனால் ஒருபோதும் பொடித்துக் கொடுக்காதீர்கள், கடிக்கவும் விடாதீர்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளுக்குப் புரதத்தோடு எந்தச் சண்டையும் கிடையாது. அவற்றைச் சாப்பாட்டோடு கொடுத்தால் குமட்டல் குறையும். டப்பாவில் இருக்கும் எல்லா மாத்திரைகளுக்கும் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏதாவது ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

புதிதாக லெவோடோபா தொடங்கியவர்களுக்கு வெறும் வயிற்றில் குமட்டும். அவர்களை அரைமணிக் கணக்கு சொல்லி வாட்ட வேண்டாம். இரண்டு மாரி பிஸ்கட், ஒரு கைப்பிடி பொரி, ஒரு வாழைப்பழம், இஞ்சி தட்டிப் போட்ட பால் சேர்க்காத டீ ஆகியவற்றில் ஒன்றோடு மாத்திரையைக் கொடுங்கள். இவற்றில் புரதம் சொற்பம். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும், அப்போது பிஸ்கட்டை நிறுத்திக்கொள்ளலாம். வாந்தி நிற்கவில்லை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் வாந்தி மாத்திரையைத் தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். தலைசுற்றலுக்குத் தாராளமாகக் கொடுக்கப்படும் சின்னரிசினும் அந்த வகைதான். இவற்றால் நடுக்கமும் விறைப்பும் கூடிப்போய், நோய் திடீரென்று முற்றிவிட்டது என்று பயந்து ஓடிவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு இந்தக் கணக்கு வேண்டும்

நோய் தொடங்கி முதல் சில வருடங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. மாத்திரையை இட்லி சாம்பாரோடு போட்டாலும் நாள் முழுக்க நன்றாக இருப்பார்கள். மூளையில் மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் டோபமைனைச் சேர்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதால் மேடுபள்ளம் தெரிவதில்லை. அந்த அணுக்கள் குறையக் குறைய, ரத்தத்தில் மருந்து ஏறினால் உடம்பு எழும், இறங்கினால் உடம்பு விழும். கார்பிடோபாவோடு சேர்ந்த லெவோடோபாவின் அளவு ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயாளிகளும் வீட்டாரும் 'ஆன்', 'ஆஃப்' என்று பேச ஆரம்பிப்பது அப்போதுதான். "இப்ப ஆன்ல இருக்கேன், குளிச்சிட்டு வந்துடறேன்" என்று அப்பா அவசரப்படுவார்.

இந்த ஏற்ற இறக்கம் இல்லாதவர்களுக்கு நேரத்தைச் சரியாக வைத்தாலே போதும். அவர்களுடைய பருப்பையும் பாலையும் தொடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புரதம் மருந்துக்கு எதிரி என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு, வெறும் ரசம் சாதத்தில் ஆளையே கரைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுக்குவாதத்தில் எடை தானாகவே குறையும், தசையும் வற்றும். புரதத்தையும் நிறுத்திவிட்டால் விழுவார்கள், எலும்பு முறியும். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு நான் கிலோவுக்கு ஒரு கிராமை ஒட்டியே கணக்குப் போடுவேன். 54 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு அது ஐம்பது கிராமுக்கு மேல்.

ஆகவே அளவைக் குறைக்க வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும்.

பகலில் இட்லி, இரவில் அடை

1980-களிலிருந்து நரம்பியல் மருத்துவர்கள் சொல்லிவரும் ஒரு முறை இருக்கிறது. நடமாட்டம் தேவைப்படும் பகல் பொழுதில் புரதத்தைக் குறைத்து, அன்றைக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுவது. ரொட்டியும் இறைச்சியும் சாப்பிடும் நாடுகளில் இதற்குத் தனிச் சமையலே தேவைப்படுகிறது. நம் சமையலில் இது பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். இடியாப்பம், அரிசிக் கஞ்சி, சேமியா உப்புமா எல்லாம் புரதத்தில் மெலிந்தவை. காலையில் மூன்று இட்லி என்றால் 6 கிராம். தொட்டுக்கொள்ள வெங்காயச் சட்னியோ தக்காளிச் சட்னியோ போதும். தேங்காய்ச் சட்னி செய்தால் பொட்டுக்கடலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், 100 கிராம் பொட்டுக்கடலையில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. சாம்பாரை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். மதியம் ஒன்றரைக் கப் சாதம், வற்றல் குழம்போ ரசமோ, பருப்பு சேர்க்காத ஒரு காய்ப் பொரியல், கீரை, கொஞ்சம் மோர். எல்லாம் சேர்த்தால் 12 கிராம் வரும்.

இரவு ஏழு மணிக்கு மேல் தாராளமாகப் பரிமாறலாம். இரண்டு அடையில் 13 கிராம், இரண்டு முட்டையில் 12, படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலில் 6. காலைக் காபிக்குச் சேர்த்த பாலில் 3 கிராம் என்று வைத்தால் நாள் மொத்தமும் ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 100 கிராம் மீனிலேயே 20 கிராம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியக் கறிக்குழம்பை ஞாயிறு இரவுக்கு மாற்றுவதுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எல்லோரும் முரண்டு பிடிக்கும் இடம். வாரத்தில் ஒருநாள் மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்ளட்டும். அதில் தவறில்லை. எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு உடம்பு கேட்காது என்று முன்கூட்டியே தெரிந்தால், பயம் போய்விடும்.

ஏமாற்றும் பண்டங்கள் சில. வெண்பொங்கல் கஞ்சி மாதிரி இலேசானது என்று தோன்றும், ஆனால் அதில் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்து மருந்தை இரண்டு பக்கமும் மறிக்கும். சாயங்காலச் சுண்டல் இன்னொன்று: 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் சுமார் 10 கிராம் புரதம். சத்துமாவுக் கஞ்சியில் என்ன அரைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பொட்டுக்கடலை, பாசிப்பயறு, சோயா, நிலக்கடலை எல்லாம் இருக்கும். இவை எதுவும் கெட்டது இல்லை. மாத்திரைக்கு ஒட்டிய நேரத்தில் மட்டும் வேண்டாம்.

இந்த முறையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடை நீங்கியதும் அதே மாத்திரை பகலில் கூடுதலாக வேலை செய்யும். கை கால் தானாக நெளிவது, உடம்பு துள்ளுவது போன்றவை அதிகமாகலாம். அப்போது அளவைக் குறைக்க வேண்டிவரும். அப்பாவுக்கு முன்பு ஏற்றிய அளவை அப்படித்தான் இறக்கினார்கள். இன்னொரு பக்கம், இரவுப் புரதம் இரவு மாத்திரையை அமுக்கும். படுக்கையில் புரளவே முடியாமல் தவிப்பவர்களுக்கும், இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுபவர்களுக்கும் இது பெரும் தொல்லை. அவர்களுக்கு மூன்று வேளைக்கும் புரதத்தைச் சமமாகப் பிரித்து வைப்பதே நல்லது. ஒரு வேளை அதிகம், ஒரு வேளை ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே சீராக இருந்தால், அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையை அமைத்துவிடுவார்.

சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம். நம் பக்கத்தில் அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது இருக்கிறது. பகல் முழுவதும் இட்லி, இடியாப்பம், சாதம் என்று மாவாகவே போனால் சர்க்கரை ஏறிவிடும். காயைத் தட்டில் பாதியாக்கி, சாதத்தைச் சுருக்கி, புரதத்தை அறவே விலக்காமல் மிதமாக வைத்துத்தான் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் புரத அளவு வேறு. இந்த இரண்டு கூட்டத்தாரும் என் அட்டவணையைப் பார்த்துத் தாங்களே தொடங்கிவிட வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இத்தனையும் உங்கள் வீட்டு மனிதருக்குப் பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தால் முடியும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது உடம்பு எழுந்தது, எப்போது விழுந்தது என்ற ஐந்தையும் எழுதினால் போதும். அப்பாவின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "6.15 மாத்திரை, தண்ணி. 6.50 ஆன். 7.15 இட்லி 3. 9.40 கை நடுக்கம் லேசா. 10.00 மாத்திரை. 10.40 ஆன். 12.45 சாதம், மோர்க்குழம்பு, பருப்பு உசிலி. 2.00 மாத்திரை. 3.30 வரைக்கும் ஒண்ணும் இல்ல." அந்தப் பருப்பு உசிலி என் அக்கா ஊரிலிருந்து வந்திருந்த நாளில் செய்தது. மூன்று தடவை அப்படி எழுதியபின் உசிலி தானாகவே இரவுக்குப் போய்விட்டது, யாரும் யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் மாற்றிச் சாப்பிட்டு எழுதுங்கள். வித்தியாசமே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருக்குப் புரதம் பிரச்சினை இல்லை, வேறு காரணத்தைத் தேட வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் வாயால் சொல்ல முடியாததை மூன்று பக்கம் சொல்லிவிடும்.

பருப்பைத் தவிர மற்றவை

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. ரத்தசோகைக்கு அதைக் கொடுக்க வேண்டியிருந்தால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சத்து மாத்திரை என்று வாங்குவதிலும் இரும்பு கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். முருங்கைக்கீரைக்காகப் பயப்பட வேண்டாம். நான் சொல்வது மாத்திரையைப் பற்றி.

பி6 வைட்டமின் மருந்தைக் கெடுக்கும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்துப் பேச்சு அது. கார்பிடோபா சேர்ந்த மாத்திரையில் அந்தப் பயம் வேண்டாம். அதற்காக வாழைப்பழத்தை நிறுத்தியவர்கள் திரும்பத் தொடங்கலாம். நீண்ட நாள் லெவோடோபா எடுப்பவர்களுக்கு பி12 குறைந்துபோவதும் உண்டு. முழுச் சைவக்காரர்கள் வருடம் ஒருமுறை அதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நடுக்குவாதத்துக்கே கொடுக்கும் ராசாகிலின், செலிகிலின் மாத்திரைகளை எடுப்பவர்கள் நாட்பட்ட சீஸ் வகைகளைத் தவிர்க்க வேண்டும். சாதாரண அளவில் மருந்து எடுக்கும்வரை நம் அன்றாடச் சாப்பாட்டில் பெரிய தடை கிடையாது.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு அது வந்துவிடுகிறது. குடல் மந்தமானால் மாத்திரையும் மந்தம். வாழைத்தண்டு, கீரை, கொய்யா, பப்பாளி, அவற்றோடு இதயமோ சிறுநீரகமோ தடை சொல்லாதவரை ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர். சிறுநீருக்கு எழ வேண்டுமே என்று பயந்து பெரியவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் குடித்து முடிக்கச் சொல்லுங்கள். இசப்கோல் கொடுத்தால் மாத்திரையிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்ததும் தலை கிறுகிறுத்து விழப்போனால், சாப்பாட்டுக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

பூனைக்காலி

பூனைக்காலிப் பொடி குடிக்கலாமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. 1913-ல் மார்கஸ் குகன்ஹைம் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஒருவகை பீன்ஸிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்துக் கடுமையாக வாந்தியும் எடுத்தார். 1937-ல் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இந்திய ஆய்வாளர்கள் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதையே பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பொருளுக்கு என்ன பயன் என்பது இன்னும் இருபது வருடம் கழித்தே தெரிந்தது. 1957-ல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப் போன முயல்களுக்கு டோபாவைச் செலுத்தினார், அவை எழுந்து நடமாடின. அந்த ரெசர்பினும் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்ததுதான். கார்ல்சன் 2000-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே பூனைக்காலியை நான் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மாட்டேன். அது மருந்து. மருந்து என்பதாலேயே அஞ்ச வேண்டும். கடையில் வாங்கும் பொடியில் ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் லெவோடோபா என்று யாருக்கும் தெரியாது. ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் மாறும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதன்மேல் இதையும் குடித்தால் அளவு எங்கே போய் நிற்கும்? துள்ளலும், மனப்பிரமையும், ரத்த அழுத்தச் சரிவும் வரும். குடித்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால்

வீட்டில் பார்த்துப் பார்த்து அமைத்த நேரமெல்லாம் குலைந்துபோகும் இடம் ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ சேர்த்திருப்பார்கள். அங்கே எல்லா நோயாளிகளுக்கும் மாத்திரை ஒன்பது மணிக்கு, டிபனுக்குப் பின். அப்பாவை ஒருமுறை இடுப்பு வலிக்குச் சேர்த்தபோது மூன்று நாள் அப்படி நடந்தது. நான்காம் நாள் அவரால் வாயில் வைத்த இட்லியை விழுங்கவே முடியவில்லை. தாதியர்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு முப்பது கட்டில், எங்களுக்கு ஒன்று. சொல்ல வேண்டியது நாங்கள்தான், சொல்லத் தவறிவிட்டோம்.

சேர்க்கும் அன்றைக்கே கேளுங்கள்: இந்த மாத்திரையை மட்டும் நாங்களே நேரம் பார்த்துக் கொடுக்கலாமா? அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைக்கச் சொன்னால், லெவோடோபாவை என்ன செய்வது என்று மயக்க மருந்து நிபுணரிடமும் நரம்பியல் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். திடீரென்று முழுவதும் நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாங்கள் இப்போது ஒரு அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறோம். சேர்த்ததும் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுவோம். கொட்டை எழுத்தில் இவ்வளவுதான்: "நடுக்குவாத நோயாளி. லெவோடோபா: காலை 6.15, 10.00, பிற்பகல் 2.00, மாலை 6.00. சாப்பாட்டுக்கு அரைமணி முன், தண்ணீரில். பால் வேண்டாம். மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின் கொடுக்கக் கூடாது." அதன் கீழே என்னுடைய செல்பேசி எண்.